ஹம்பி, ஆனேகுந்தி: நான்கு நாள், கால்நடையாகவும் சைக்கிளிலும் சரிப்படுமா?

#1 ரம்யா_கோவை

எல்லோருக்கும் வணக்கம். ஜனவரிக் கடைசியில் நான்கு நாள் ஹம்பி போகலாம் என்று இருக்கிறோம். நான், 13 வயது மகள், 68 வயது அப்பா.

கல்லூரியில் படித்தபோது ஒரு தடவை போயிருக்கிறேன். காலையில் பஸ்ஸை விட்டு இறக்கினார்கள், சாயந்திரம் ஏற்றினார்கள். நடுவில் பதினைந்து இடம் பார்த்தோம். இன்று நினைவில் இருப்பது கல் தேரும் மிளகாய்ப்பொடி தூவிய கொய்யாப்பழமும்தான். இந்த முறை அப்படி வேண்டாம். மகளுக்குச் சைக்கிள் என்றால் உயிர். அப்பாவுக்கு வலது முட்டி தேய்மானம். சமதளம் என்றால் ஆறு ஏழு கிலோமீட்டர்கூட நடப்பார், படி என்றால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். முப்பது வருடம் கல்குவாரியில் வேலை பார்த்தவர் வேறு. "கல்லைப் பாக்க ரயிலேறிப் போகணுமா, இங்க பாக்காத கல்லா?" என்று தினமும் கேட்கிறார்.

எங்கே தங்கலாம்? எதைச் சைக்கிளில் பார்ப்பது, எதை நடந்து பார்ப்பது? போனவர்கள் சொல்லுங்கள்.

#2 வெயில்வாசி

தலைப்பில் "கால்நடை" என்று பார்த்ததும் மாட்டை ஓட்டிக்கொண்டு போகிறீர்களோ என்று நினைத்துவிட்டேன் :)

என் யோசனை: ஆட்டோ. ஒரு நாளைக்குப் பேசி வைத்துக்கொண்டால் அவரே வரிசையாகக் கூட்டிப் போவார். 68 வயதுக்காரரையும் சின்னப் பெண்ணையும் வைத்துக்கொண்டு அந்த வெயிலில் சைக்கிள் எல்லாம் வேண்டாத வேலை. ஜனவரியிலும் பதினொரு மணிக்கு மேல் அங்கே பாறை சுடும்.

#3 ஓசூர்_மிதி

வெயில்வாசி அண்ணன் சொல்வதில் பாதி சரி. வெயில் உண்மை. ஆனால் ஆட்டோவில் போனால் ரம்யா கல்லூரியில் பார்த்த அதே ஹம்பியைத்தான் மறுபடியும் பார்ப்பார். ஒரு கோயில், இறங்கு, படம் எடு, ஏறு, அடுத்த கோயில்.

நான் நான்கு தடவை போயிருக்கிறேன், எல்லாமே சைக்கிளோடு. ஹம்பியில் பார்க்க வேண்டியது இரண்டு கோயிலுக்கு நடுவில் இருக்கும் வழி. பாறை இடுக்கில் திடீரென்று ஒரு மதில் வரும், மதில் முடிந்த இடத்தில் வாழைத்தோப்பு, தோப்புக்குள்ளே ஒரு மண்டபம், அதில் யாரோ எருமையைக் கட்டியிருப்பார்கள். உலக பாரம்பரியச் சின்னமாக 1986-இல் அறிவித்த பகுதியே சுமார் 42 சதுர கிலோமீட்டர். அதில் டிக்கெட் வாங்கிப் பார்க்கும் இடங்கள் ஒரு கை விரலுக்குள் அடங்கும். மற்றதெல்லாம் திறந்த வெளி.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

பெங்களூரிலிருந்து ராத்திரி ஹம்பி எக்ஸ்பிரஸ் பிடித்தால் காலையில் ஹொசப்பேட்டை. அங்கிருந்து 13 கிலோமீட்டர். ஹொசப்பேட்டையில் தங்க வேண்டாம், தினமும் அந்த லாரி ரோட்டில் போய்வர வேண்டியிருக்கும். முதல் இரண்டு ராத்திரி கமலாபுரம், அடுத்த இரண்டு ராத்திரி துங்கபத்ரா ஆற்றுக்கு வடகரையில் ஆனேகுந்தி. இது என் வழக்கம்.

முதல் நாள் நடை. விரூபாட்சர் கோயிலில் தொடங்குங்கள். உள்ளே பின்பக்க மண்டபத்தில் சுவரின் சிறு துவாரம் வழியாகக் கோபுரத்தின் நிழல் தலைகீழாக விழும் இடம் ஒன்று உண்டு, மகளுக்குக் காட்டுங்கள், இயற்பியல் பாடம் மிச்சம். வெளியே வந்தால் தெற்கே ஹேமகூடம். மலை என்று பெயர்தானே தவிர ஒரே பாறைச் சரிவு, அப்பா தாராளமாக நடக்கலாம். அதன் மேல் இருக்கும் சின்னச் சின்னக் கோயில்களில் சில, ஹம்பியைத் தலைநகராக வைத்திருந்த விஜயநகரப் பேரரசுக்கும் முந்தியவை. கூரையைப் பாருங்கள், கோபுரம் மாதிரி இருக்காது, படிப்படியாகக் குறுகும் கல் அடுக்கு. பிறகு பஜார் வீதி வழியாக ஒற்றைக்கல் நந்தி வரை போய், ஆற்றங்கரைப் பாதையைப் பிடித்தால் கோதண்டராமர் கோயில், பழைய கல் பாலத்தின் தூண்கள், ராஜ துலாபாரம், கடைசியில் விட்டலர் கோயில். மொத்தம் இரண்டு கிலோமீட்டர்தான். இரண்டு மூன்று இடத்தில் பாறையில் கை ஊன்ற வேண்டும். அந்தப் பக்கம் வண்டிப் பாதையே இல்லை. ஆட்டோவில் வருகிறவர்கள் சுற்றிக்கொண்டு போய், பேட்டரி வண்டி வரிசையில் நின்று, விட்டலர் கோயிலின் முன்வாசலைப் பார்ப்பார்கள். நீங்கள் ஆற்றுப் பக்கமிருந்து, அக்காலத்துப் பக்தன் மாதிரி வந்து சேர்வீர்கள்.

இரண்டாம் நாள் சைக்கிள். கமலாபுரத்திலிருந்து அரண்மனைப் பகுதி முழுக்க ஏறக்குறைய சமதளம். மகாநவமி மேடை, படிக்கிணறு மாதிரி இருக்கும் புஷ்கரணி, ஹசாரராமர் கோயில், தாமரை மஹால், யானை லாயம், தண்ணீருக்குள் நிற்கும் நிலத்தடிச் சிவன் கோயில். அங்கிருந்து ஹம்பி ரோட்டில் போனால் உக்கிர நரசிம்மர், படவிலிங்கம், கிருஷ்ணர் கோயில். திரும்பும்போது ஹம்பியிலிருந்து கிருஷ்ணர் கோயில் வரை ஓர் ஏற்றம் இருக்கிறது, இறங்கித் தள்ளுவதில் தப்பில்லை.

மூன்றாம் நாள் வடகரை. அதை இன்னொரு பதிவில் எழுதுகிறேன், இப்போது மனைவி முறைக்கிறாள்.

#4 ரம்யா_கோவை

மிக்க நன்றி. அப்பாவிடம் "அங்க ஒரே கல்லுல 6.7 மீட்டர் நரசிம்மர் இருக்காராம்" என்றேன். "குவாரிலேர்ந்து எப்படிக் கொண்டாந்தானாம்?" என்றார். மீன் லேசாகத் தூண்டிலைக் கடிக்கிறது.

#5 பாறைப்பித்தன்

உங்கள் அப்பா கேட்டதுதான் சரியான கேள்வி. பதில்: எங்கிருந்தும் கொண்டு வரவில்லை. அந்தப் பாறை அங்கேதான் இருந்தது, சிற்பிதான் அதைத் தேடி வந்தான். 1528-இல் கிருஷ்ணதேவராயர் காலத்தில் செதுக்கியது. கடலைக்காளு கணேசர், சாசிவெகாளு கணேசர் எல்லாமே அப்படித்தான், நின்ற பாறையிலேயே.

ஹம்பி போகிறவர்கள் எல்லோரும் ஒன்று கேட்பார்கள்: "இவ்வளவு பெரிய பாறைகளை யார் இப்படி அடுக்கினார்கள்?" வாலி சுக்ரீவன் சண்டையில் வீசிக்கொண்டது என்பது உள்ளூர்க் கதை. சிலர் பூகம்பம் என்பார்கள். இரண்டும் இல்லை. பாறைகள் பெரும்பாலும் எங்கிருந்தும் உருண்டு வரவில்லை, பிறந்த இடத்திலேயே இருக்கின்றன.

அது சுமார் 250 கோடி வருடத்துக்கு முந்திய கிரானைட். பூமிக்கு அடியில் ஒரே திட்டாக இருந்தபோதே குறுக்கும் நெடுக்குமாக விரிசல் விட்டது. மழைத் தண்ணீர் விரிசல் வழியாக இறங்கி, பாறையை ஓரத்திலிருந்து மண்ணாக்கிக்கொண்டே வந்தது. அச்சு வெல்லத்தைத் தண்ணீரில் போட்டுப் பாருங்கள், முதலில் மூலைகள்தான் கரையும், ஏனென்றால் அங்கே தண்ணீர் மூன்று பக்கத்திலிருந்தும் படுகிறது. சதுரக் கட்டி உருண்டையாகிவிடும். அதேதான். பிறகு மேல் மண்ணெல்லாம் மழையில் அரித்துப் போனதும் உருண்டைகள் மட்டும் ஒன்றின்மேல் ஒன்றாக உட்கார்ந்துவிட்டன. செஞ்சிக் கோட்டை மலையும் கிருஷ்ணகிரிப் பக்கத்துக் குன்றுகளும் இதே ஜாதிதான்.

இன்னொன்று. சில பாறைகள் வெங்காயச் சருகு மாதிரி மேல் தோல் உரிந்து நிற்கும். விஜயநகரத்துக் கல்தச்சர்களுக்கு அது வரப்பிரசாதம். ஒரு ஜாண், இரண்டு ஜாண் கனத்துக்குப் பலகை தயாராகவே கிடைத்தது. நடக்கும்போது கீழே பார்த்துக்கொண்டே போங்கள். தீப்பெட்டி அளவுக்குச் சின்னக் குழிகள், நூல் பிடித்தாற்போல வரிசையாகப் பாறையில் இருக்கும். ஆப்பு அடித்துப் பிளக்கப் போட்ட குழிகள். பிளந்த கல்லின் விளிம்பில் பல் வரிசை மாதிரி அரைக் குழிகள் தெரியும். இவை கோயில் சுவருக்குப் பத்தடி தள்ளியே கிடக்கும். ஆட்டோவிலிருந்து தெரியாது. உங்கள் அப்பாவை அங்கே கொண்டுபோய் விடுங்கள், அப்புறம் ஒன்றும் சொல்லவே வேண்டாம்.

#6 வெயில்வாசி

நான் ஏன் சைக்கிள் வேண்டாம் என்கிறேன் என்றால், அனுபவம். போன வருடம் ஒரு வாடகைக் கடையில் இரண்டு சைக்கிள் எடுத்தோம். கியர் கிடையாது, சரி. பிரேக் ஒரு பக்கம்தான் பிடித்தது, அதுவும் சரி. மூன்றாவது கிலோமீட்டரில் கருவேல முள் ஏறிப் பஞ்சர். பம்பும் இல்லை, ஒட்டும் சாமானும் இல்லை. ஒரு மணி நேரம் தள்ளிக்கொண்டு வந்தால், "டியூப் காசு கொடுங்கள்" என்கிறார் கடைக்காரர். டியூபில் ஏற்கெனவே ஏழு ஒட்டு இருந்தது, எண்ணினேன். அதற்கு அப்புறம் எனக்கு ஆட்டோதான்.

#7 ஓசூர்_மிதி

அண்ணே, அது சைக்கிளின் குற்றம் இல்லையே :) ஆனால் எச்சரிக்கை நியாயம். எடுக்கும்போது இரண்டு பிரேக்கையும் அழுத்திப் பாருங்கள், சீட்டை உயரத்துக்கு ஏற்றி வைக்கச் சொல்லுங்கள், ஏற்கெனவே இருக்கும் கீறல்களைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். சின்னப் பம்பும் ஒட்டுச் சாமானும் வீட்டிலிருந்தே கொண்டுபோங்கள். மண் பாதையில் முள் நிச்சயம் உண்டு.

இனி வடகரை. ஹம்பியில் விரூபாட்சர் கோயிலுக்குக் கீழே படகுத்துறை. சைக்கிளையும் ஏற்றிக்கொள்வார்கள், தனிக் காசு. மறுகரை விரூபாபுரகட்டி. ஒரு காலத்தில் வெளிநாட்டுக்காரர்கள் மாதக்கணக்கில் பாய் விரித்துக் கிடந்த இடம். உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பின் 2020-இல் அங்கே இருந்த விடுதிகளை இடித்துவிட்டார்கள், இப்போது அமைதி. பாறை ஏறுகிறவர்கள் மட்டும் முதுகில் மெத்தையைக் கட்டிக்கொண்டு சுற்றுவார்கள். அங்கிருந்து சாணாபுர ஏரி, திரும்பிக் கிழக்கே பம்பா சரோவரம், அஞ்சனாத்ரி, ஆனேகுந்தி. ஒரு பக்கம் நெல் வயல், ஒரு பக்கம் பாறைக் குன்று, நடுவில் ரோடு. இந்தியாவில் சைக்கிள் ஓட்ட இதைவிட நல்ல ரோடு எனக்குத் தெரியாது. மிகைப்படுத்துகிறேன் என்று நினைப்பவர்கள் நெல் முற்றியிருக்கும்போது போய்ப் பாருங்கள்.

அஞ்சனாத்ரி, அனுமார் பிறந்த இடம் என்று அங்கே சொல்லும் மலை, 575 படி. அப்பா கீழே டீ குடிக்கலாம்.

ஒரு விஷயம்: மழைக்காலத்தில் அணையைத் திறந்துவிட்டால் படகு ஓடாது. சுற்றிக்கொண்டு புக்கசாகரம், கடேபாகிலு பாலம் வழியாகத்தான் வர வேண்டும். ஜனவரியில் பிரச்சினை இருக்காது. ஆற்றில் மட்டும் இறங்க விடாதீர்கள், சுழலும் உண்டு, முதலையும் உண்டு. போர்டு வைத்திருப்பது அலங்காரத்துக்கு இல்லை.

#8 மதுரைக்காரன்72

ஒரு சந்தேகம், ஒரு தகவல்.

சந்தேகம்: வாழைத்தோப்பு, எருமை, நெல் வயல் என்கிறீர்களே, ஹம்பி கிராமமா, நகரமா? 1520 வாக்கில் வந்த போர்த்துகீசியர் டொமிங்கோ பயஸ் ரோம் நகரத்தோடு ஒப்பிட்டு எழுதிய ஊர் அது. 1565 ஜனவரியில் தலைக்கோட்டைப் போரில் தோற்று ஊர் சூறையாடப்பட்ட பிறகுதான் காடானது.

தகவல்: நம் ஊருக்கும் இதற்கும் கணக்கு நிறைய. மதுரையில் சுல்தான்கள் ஆட்சியை முடித்துவைத்த குமார கம்பணன் விஜயநகரத்து இளவரசன். பிறகு வந்த நாயக்கர்களும் அங்கிருந்து அனுப்பப்பட்டவர்களே. கிருஷ்ணதேவராயர் நம் ஆண்டாளைப் பற்றித் தெலுங்கில் காவியமே எழுதியவர். விட்டலர் கோயிலுக்குப் பக்கத்தில் திருமங்கையாழ்வாருக்கு ஒரு கோயில் இருக்கிறது, யாரும் எட்டிப் பார்ப்பதில்லை, நீங்கள் பாருங்கள். ஹம்பி கிருஷ்ணர் கோயிலுக்காக உதயகிரிப் போரில் வென்று கொண்டுவந்த பாலகிருஷ்ணர் சிலை இப்போது சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில். கோயில் அங்கே காலி, சாமி இங்கே கண்ணாடிக்குப் பின்னால்.

#9 பல்லாரி_மருமகள்

மதுரைக்கார அண்ணா, கிராமமா நகரமா என்ற கேள்விக்கு நான் பதில் சொல்கிறேன். பிறந்தது திருவண்ணாமலை, வாக்கப்பட்டது பல்லாரி, பதினாறு வருடம்.

ராஜா இருந்த ஊர் போய்விட்டது. ஆனால் உழுகிறவன் போகவில்லை. அந்தக் காலத்தில் வெட்டிய வாய்க்கால்கள் இன்றும் ஓடுகின்றன. துர்த்துக் கால்வாயில் கை நனைத்துப் பாருங்கள். படவிலிங்கத்தின் காலடியில் நிற்கும் தண்ணீரும் வாய்க்கால் தண்ணீர்தான். ஹம்பிக்கும் அரண்மனைப் பகுதிக்கும் நடுவில் பச்சையாகத் தெரியும் வாழைத்தோப்பு, கரும்பு எல்லாம் அந்தப் பாசனம். துங்கபத்ரா அணை வந்தது 1953-இல், வாய்க்கால் அதற்குப் பல நூறு வருடம் மூத்தது. மண்டபம் இடிந்தால் யாருக்கும் பசிக்காது, வாய்க்கால் அடைத்தால் பசிக்கும். அதனால் இது தப்பித்தது.

ஹம்பி பஜார் வீதியில் மண்டபங்களுக்குள்ளேயே தலைமுறையாகக் கடையும் வீடும் வைத்திருந்தவர்களை 2011-இல் இடித்துக் காலி செய்தார்கள். பாரம்பரியத்தைக் காப்பாற்றத்தான் என்றார்கள். எனக்கு இன்றும் மனசு ஒப்பவில்லை. என் மாமியாரின் தோழி ஒருத்தி அங்கே பூக்கட்டி விற்றவள். வீதி இப்போது சுத்தமாக இருக்கிறது, சுத்தமாக மட்டும்தான் இருக்கிறது.

கிராமம் பார்க்க வேண்டும் என்றால் ஆனேகுந்திதான். விஜயநகரத்துக்கு முந்தியே இருந்த ஊர். ஆனே என்றால் யானை, குந்தி என்றால் குழி என்று பொருள் சொல்வார்கள். கோட்டை வாசலுக்குள்ளே நுழைந்தால் கரைச்ச சாணி வாசனை, திண்ணை, கோலம் (இங்கே ரங்கோலி), நடுவில் ககன் மஹால், ரங்கநாதர் கோயில். ஹுச்சப்பய்யன மடத்தில் கரும்பளிங்கு மாதிரி பளபளக்கும் தூண்கள் இருக்கின்றன, தவறவிடாதீர்கள். வாழைநாரில் பை, தொப்பி பின்னும் பெண்களும் இருப்பார்கள்.

மொழிக்குப் பயப்படாதீர்கள். நம் "ப" பல இடத்தில் இங்கே "ஹ" ஆகிவிடும், அவ்வளவுதான். பால் ஹாலு, பல் ஹல்லு, பூ ஹூவு, பழம் ஹண்ணு. பம்பா ஹம்பி ஆனதும் அப்படித்தான். சாப்பாட்டுக்குச் சோள ரொட்டி, எண்ணெகாயி (கத்திரிக்காய்க் குழம்பு), வேர்க்கடலைச் சட்னிப்பொடி. மாலையில் மண்டக்கி மிர்ச்சி, அதாவது பொரியும் மிளகாய் பஜ்ஜியும். மிளகாய் நிஜ மிளகாய், மகளிடம் சொல்லி வையுங்கள்.

#10 ஓசூர்_மிதி

அக்கா கலக்கிவிட்டீர்கள். பரிசல் பற்றியும் ஒன்று சேர்க்கிறேன். பயஸ் ஆனேகுந்திக்கு ஆறு கடக்கும் படகைப் பற்றி எழுதியிருக்கிறார்: கூடை மாதிரி வட்டமாக, உள்ளே பிரம்பு, வெளியே தோல், பதினைந்து இருபது பேர் போகலாம், துடுப்புப் போடப்போட சுற்றிக்கொண்டே போகும் என்று. ஐந்நூறு வருடம் கழித்தும் அதே ஹரிகோலு (பரிசலுக்குக் கன்னடப் பெயர்) அங்கே சுற்றுகிறது. தோலுக்குப் பதில் பிளாஸ்டிக் சாக்கும் தாரும், அவ்வளவுதான் வித்தியாசம். 2009-இல் கட்டிக்கொண்டிருந்த பாலம் இடிந்து விழுந்த இடத்துக்குப் பக்கத்திலேயே இன்றும் பரிசல் ஓடுகிறது.

#11 கோதுமை_அல்வா

அஞ்சனாத்ரியா திருமலையா, அனுமார் எங்கே பிறந்தார் என்று யாராவது...

#12 நிர்வாகி

வேண்டாம். அதற்குத் தனி இழை இருக்கிறது, அதையும் பூட்டி வைத்திருக்கிறோம்.

#13 பாறைப்பித்தன்

ஒரு நாள் மிச்சமிருந்தால் ஹிரேபெணகல். கங்காவதிப் பக்கம், ஆனேகுந்தியிலிருந்து சைக்கிளுக்குத் தூரம், வண்டி பிடித்துப் போங்கள். மலைமேல் இரும்புக்காலக் கல்திட்டைகள் சுமார் 400. பலகைக் கல்லை நட்டு, மேலே ஒரு மூடி, பக்கத்தில் வட்டத் துளை. விஜயநகரக்காரர்களுக்கு ஆயிரத்து ஐந்நூறு வருடத்துக்கும் முன்னாலேயே இந்தக் கல் உரிவதைக் கவனித்த ஆட்கள். தட்டினால் முரசு மாதிரி ஒலிக்கும் பாறையும் மேலே இருக்கிறது. ஆனால் மலை ஏற வேண்டும், அப்பாவுக்கு ஆகாது. நிழலும் கிடையாது.

#14 வெயில்வாசி

நிழலும் கிடையாது. நான் சொன்னதுதானே.

#15 ரம்யா_கோவை

போய் வந்தாயிற்று! எழுத இரண்டு வாரம் ஆகிவிட்டது, மன்னிக்கவும். கொஞ்சம் நீளமாக இருக்கும்.

முதல் நாள் ஓசூர் அண்ணன் சொன்னபடியே நடை. ஆற்றங்கரைப் பாதையில் மகள் முன்னால் ஓட, நான் நடுவில், அப்பா பின்னால். கோதண்டராமர் கோயில் தாண்டித் திரும்பிப் பார்த்தால் அப்பாவைக் காணோம். பதறிப் போய்த் திரும்பி ஓடினேன். பாதையை விட்டு இருபதடி தள்ளி, ஆள் உயரப் பாறை ஒன்றின் முன்னால் குந்திக்கொண்டிருந்தார். முட்டி வலிக்கும் என்று வீட்டில் குந்தவே மாட்டார்.

பாறைப்பித்தன் சார், உங்கள் ஆப்புக் குழிகள். அந்தப் பாறையில் ஒரு வரிசை, பதினொன்று. அப்பா ஒவ்வொன்றிலும் ஆள்காட்டி விரலை விட்டு ஆழம் பார்த்துக்கொண்டிருந்தார். ஏழு குழிகள் ஒரே ஆழம். கடைசி நான்கு பாதிதான் இறங்கியிருந்தன. "ஏன்ப்பா விட்டுட்டாங்க?" என்று கேட்டேன். எட்டாவது குழிக்குப் பக்கத்தில் எச்சில் தொட்டுத் துடைத்தார். தலைமுடி கனத்துக்கு ஒரு வெள்ளைக் கோடு, வரிசைக்குக் குறுக்கே போனது. "நரம்பு ஓடுது பாரு. இதுக்கு மேல அடிச்சா இவன் நினைச்ச பக்கம் பிளக்காது, அது நினைச்ச பக்கம் பிளக்கும். வேலை தெரிஞ்சவன், அதான் நிறுத்திட்டான்" என்றார். ஐந்நூறு வருடத்துக்கு முன்னால் வேலையை விட்டுவிட்டுப் போன ஒரு ஆளைப் பற்றி, பக்கத்துக் குவாரிக்காரனைப் பற்றிச் சொல்வது மாதிரி. மரத்தில் ஆப்பு செய்து தண்ணீர் ஊற்றிப் பிளந்தார்கள் என்று பின்னால் ஒரு வழிகாட்டி யாருக்கோ சொன்னதைக் கேட்டுச் சிரித்தார். அவர் கட்சி இரும்பு ஆப்பு. சார், நீங்களே தீர்ப்புச் சொல்லுங்கள்.

அதற்குப் பிறகு பயணம் அவர் கையில். விட்டலர் கோயிலில் கல் தேரைப் பார்த்ததும் "இது ஒரே கல்லு இல்ல, இணைச்சிருக்கான்" என்றார். இசைத் தூண்களைத் தட்ட விடுவதில்லை, தட்டியிருந்தால் என்ன கல் என்று சொல்லியிருப்பாராம். திருமங்கையாழ்வார் கோயிலுக்கும் போனோம். எங்களைத் தவிர ஒரு ஆடு மட்டும் இருந்தது.

இரண்டாம் நாள் மகளும் நானும் சைக்கிள். அப்பா ஆட்டோ. ஆமாம் வெயில்வாசி சார், ஆட்டோ. உங்கள் பேச்சைக் கேட்டோம். அவர் ஓர் இடத்தில் இறங்கி உட்கார்ந்திருப்பார், நாங்கள் வியர்த்து வந்து சேர்வோம். ஹசாரராமர் கோயில் வெளிமதிலில் யானை, குதிரை, ஆட்டக்காரிகள் வரிசையை மகள் சைக்கிளில் மெதுவாக உருட்டிக்கொண்டே பார்த்தாள். "அம்மா, சைக்கிள்ல போனா ஊர்வலம் நகருதும்மா" என்றாள். காவலர் வந்து சைக்கிளை வெளியே வைக்கச் சொன்னார். சரியாகத்தான் சொன்னார்.

பஞ்சர் எங்களுக்கும் ஆனது. மூன்றாம் நாள், ஆனேகுந்திக்கு ஒரு கிலோமீட்டர் முன்னால், மகளின் பின் சக்கரம். பம்பு இருந்தது, ஒட்டுச் சாமானும் இருந்தது, டயரைக் கழற்றத்தான் எங்கள் இருவருக்கும் தெரியவில்லை. வயலில் மருந்தடித்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் வந்து இரண்டு ஸ்பூனால் கழற்றினார். மதியச் சாப்பாட்டு டப்பாவிலிருந்த ஸ்பூன்கள். அதற்குள் அப்பா ஆட்டோவில் வந்துவிட்டார். இருவருக்கும் பொது மொழி கிடையாது. அப்பா எதிரே இருந்த குன்றைக் காட்டி "கல்லு" என்றார். அவரும் "கல்லு" என்றார். கன்னடத்திலும் அதே சொல்லாம். அரை மணி நேரம் பேசிக்கொண்டிருந்தார்கள். என்ன பேசினார்கள் என்று இரண்டு பேருக்கும் தெரியாது என்று நினைக்கிறேன். வாய்க்காலில் கை கழுவிவிட்டு ஒரு சீப்பு வாழைப்பழம் கொடுத்தார், காசு வாங்கவில்லை.

அஞ்சனாத்ரி 575 படி ஏறினோம், மகளும் நானும். மேலேயிருந்து பார்த்தால்தான் ஓசூர் அண்ணன் சொன்ன "நடுவில் இருக்கும் வழி" புரிந்தது. பழுப்புப் பாறைக் கடல், அதற்குள்ளே கீற்றுக் கீற்றாகப் பச்சை. எங்கெல்லாம் வாய்க்கால் போகிறதோ அங்கெல்லாம் பச்சை. கீழே ஒரு புள்ளியாக டீக்கடை வாசலில் அப்பா.

பரிசலில் அப்பா ஏற மறுத்துவிட்டார். "கல்லை நம்பலாம், கூடையை நம்பமாட்டேன்." நாங்கள் இருவர் மட்டும் கரையோரமாக ஒரு சுற்று. பயஸ் சொன்னது சரி, சுற்றிக்கொண்டேதான் போகிறது, எனக்குத் தலை கிறுகிறுத்துவிட்டது. ஹிரேபெணகல் போகவில்லை. நான்காம் நாள் எங்கும் போகவில்லை. ஆனேகுந்தியில் நாங்கள் தங்கிய வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து ரோட்டில் போகும் மாடுகளைப் பார்த்தோம். மிளகாய் பஜ்ஜிக்கு மகள் இரண்டு சொம்பு மோர் குடித்தாள்.

#16 பாறைப்பித்தன்

வெள்ளை நரம்பு பெரும்பாலும் குவார்ட்ஸ். உங்கள் அப்பா சொன்ன காரணம் ரொம்பச் சரியாகப் பொருந்துகிறது. மர ஆப்பா இரும்பா என்பதில் நான் அவர் கட்சி என்று சொல்லுங்கள். முடிந்தால் அந்தப் பாறையின் படத்தை இங்கே போடுங்கள்.

#17 பல்லாரி_மருமகள்

மருந்தடிக்கிறவர் கையால் பழம் வாங்கினால் நன்றாகக் கழுவிச் சாப்பிட வேண்டும் ரம்யா. மற்றபடி அடுத்த முறை வந்தால் பல்லாரியில் எங்கள் வீட்டில்தான் சாப்பாடு.

#18 வெயில்வாசி

ஆட்டோவைப் பற்றி நல்லதாக ஒரு வரி எழுதியதற்கு நன்றி. அந்தச் சைக்கிள் எந்தக் கடையில் எடுத்தீர்கள் என்று தனிச்செய்தியில் சொல்லுங்கள். டியூபில் எத்தனை ஒட்டு இருந்தது?

#19 ரம்யா_கோவை

நான்கு. இப்போது ஐந்து.